அமாவாசைக்கு ஒரு பன்

சின்னப்பராஜுக்கு எதைப் பார்த்தாலும் அதன் மேல்தோலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சவரக் கடைக்குப் போனால் நாற்காலிக் கையின் பாலிஷைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கல்யாண வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு, குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்த்தார்கள் என்று விசாரிப்பார். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு அவர் எதிரே வந்தவர்கள் திண்டிவனத்தில் நிறையவே அவஸ்தைப்பட்டிருக்கிறார்கள். நடுத்தெருவில் நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார். மற்றபடி நல்ல மனுஷர். இந்த ஒரு கிறுக்குதான்.

கிறுக்குக்கு ஏற்ற தொழிலும் வாய்த்திருந்தது. மரக்காணம் சாலையில் கோதண்டபாணி முதலாளி வைத்திருந்த பேக்கரிக்கு அவர்தான் மாஸ்டர். எண்பத்து மூன்றிலோ நாலிலோ அந்தப் பேக்கரி திறந்தது. அதற்கு முன்னால் மெட்ராஸில் பெரம்பூர்ப் பக்கம் ஒரு பேக்கரியில், கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாக, பாதி வயதைக் கழித்துவிட்டிருந்தார். மனைவி சூசை மேரி திண்டிவனத்திலேயே இருந்தாள். மாதா கோயிலுக்குப் பின்னால் சின்ன வீடு. சாமியாரின் அங்கிகளையும் பீடத்துணிகளையும் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. ஊர் உலகமெல்லாம் பண்டிகைக்கு வீட்டுக்கு வரும். பேக்கரிக்காரனுக்குப் பண்டிகை வந்தால்தான் வேலையே. கிறிஸ்துமஸுக்குக் கேக், ஈஸ்டருக்கு பன். அதெல்லாம் முடிந்து, ஊரே மறந்துபோன ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையில் சின்னப்பராஜ் கையில் ஒரு ரெக்ஸின் பையோடு வந்து இறங்குவார். இரண்டு நாள் இருப்பார். மறுபடி பை கிளம்பிவிடும்.

திண்டிவனத்தில் வேலை கிடைத்ததும் அந்தப் பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்கள். ஒரே வீட்டில் சேர்ந்து இருக்க முடிந்ததில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள்போல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கோதண்டபாணி பேக்கரியின் பன் பஸ் ஸ்டாண்டில் பெயர் வாங்கியது அதன் மினுமினுப்பால்தான். மெட்ராஸ் பஸ்ஸில் தூங்கி வழிகிறவன்கூட ஜன்னலுக்கு வெளியே தட்டில் அந்த பன்னைப் பார்த்தால் கையை நீட்டிவிடுவான். அடுப்பில் வைப்பதற்கு முன் சின்னப்பராஜ் அதற்கு முட்டை பூசுவார். பூசுவது என்றால் ஏதோ சுவருக்கு வெள்ளை அடிப்பது மாதிரி இல்லை. மஞ்சள்கருவை மட்டும் தடவினால் பன் சிவந்துபோகும். வெள்ளைக்கருவை மட்டும் தடவினால் பளபளக்கும், நிறம் வராது. இரண்டையும் அடித்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால், கொழகொழப்பு போய் நீர்த்து, பிரஷ்ஷில் சீராக இறங்கும். பிரஷ்ஷை அழுத்தினாலோ பொங்கி நிற்கிற மாவு அமுங்கிவிடும். உப்பு போட்டால் முட்டை ஏன் நீர்க்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததுதான் அவருக்குப் பிடித்திருந்தது. தினமும் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

ஒரே ஒரு தொல்லை. வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசி சனி என்றால் வியாபாரம் மந்தம், பன் அலமாரியிலேயே கிடக்கும். அது பெரிய கடைகளுக்கு ஒன்றுமில்லை, கோதண்டபாணிக்கு விறகுச் செலவே கையைக் கடித்தது. அவர்தான் மேல்மலையனூரைப் பற்றி யோசித்தார். அமாவாசைக்கு அமாவாசை அங்காளம்மன் கோயிலில் ஜனம் எள் போட்டால் கீழே விழாது. அவருடைய கொழுந்தியாள் முனியம்மாளுக்கு அங்கே தேங்காய் பழக்கடை இருந்தது. அதிலேயே ஒரு ஓரமாக பன் வைத்தால் என்ன?

சித்திரை அமாவாசைக்குப் பெட்டி நிறைய பன் பஸ் மேலே ஏறிப் போயிற்று. மறுநாள் பெட்டி நிறைய பன் இறங்கி வந்தது. கூடவே முனியம்மாளும் வந்தாள்.

"யாரும் வாங்கலியா?" என்றார் சின்னப்பராஜ். அவரால் நம்ப முடியவில்லை.

"எல்லாம் கிட்ட வந்து பாக்குறாங்க மாஸ்டரே. நல்லாத்தான் இருக்குதுன்றாங்க. அப்புறம், முட்டை பூசியிருக்குதுடின்னு ஒருத்திகிட்ட ஒருத்தி சொல்லிக்கினு அந்தாண்ட போயிடுறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

அங்காளம்மன் கோயிலுக்குக் கோழி நேர்ந்துகொள்கிறவர்களும் உண்டுதான். ஆனால் அமாவாசையன்று வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் விரதம். ராத்திரி அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவதைப் பார்த்து முடிகிறவரை கவிச்சி வாயில் படக்கூடாது. முட்டையும் கவிச்சிதான். இதைக் கோதண்டபாணியாவது யோசித்திருக்க வேண்டும். அவர் கூட்டத்தைத்தான் யோசித்தார், வயிற்றை யோசிக்கவில்லை.

"ஒன்னும் பூசாம அனுப்பிப் பாக்கறதுதான?" என்றார் முதலாளி.

ஒன்றும் பூசாத பன் சோகை பிடித்த மாதிரி வெளுத்து வரும். வெள்ளிக்கிழமை நாலைந்து தட்டு அப்படிச் சுட்டு வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் நேற்றைய பன்னா என்று கேட்டார்கள். பால் தடவிப் பார்த்தார். நிறம் வந்தது, உயிர் வரவில்லை. அடுப்பிலிருந்து எடுத்தபோது சுமாராக இருந்தது, ஆறினதும் மங்கிவிட்டது.

கோதண்டபாணி கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் அமைதியாகச் சொன்னதைச் சின்னப்பராஜால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஆடி அமாவாசை வரைக்கும் பாப்போம் மாஸ்டர். அதுக்கும் இப்படியே திரும்பி வந்துகினு இருந்தா அடுப்ப அணைச்சிட வேண்டியதுதான். லாரி பார்சல்காரன் எடம் கேட்டுகினே இருக்கான். எனக்கும் பேஜாரா இருக்குது."

அடுப்பு அணைந்தால் சின்னப்பராஜுக்குப் போக இடம் ஒன்றுதான். பெரம்பூர். அவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது சூசை மேரி கதவுக்குப் பின்னால் ஆணியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

முட்டை இல்லாமல் மினுக்கம் எங்கிருந்து வரும்? சின்னப்பராஜுக்குக் கவலை ஒரு பக்கம் இருந்தாலும், உள்ளுக்குள் கொஞ்சம் குதூகலமாகவும் இருந்ததை ஒளிக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு கேள்வி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. போகிற வருகிற இடமெல்லாம் பளபளப்பவற்றை மடக்கி மடக்கிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் முழங்காலிட்டபோது அவர் கண் சாமியாரின் அங்கிமேல் போய் நின்றது. அந்த வெள்ளைத் துணியின் மடிப்பில் ஓடிய மெல்லிய மினுக்கத்தைப் பார்த்தார். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்திருக்க மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார். "மேரி, அங்கிக்கு இன்னா கஞ்சி போடுற?"

"ஜவ்வரிசிக் கஞ்சிங்க. ஏன், சாமியார் எதனா சொன்னாரா?"

"சாமியார வுடு. அது எப்படி மினுங்குது?"

"தண்ணியா காய்ச்சி, துணி லேசா ஈரமா இருக்க சொல்லவே இஸ்திரி பொட்டியால இழுக்கணும். சூடு பட்டாத்தான் மினுங்கும்."

சூடு பட்டால்தான் மினுங்கும்! சின்னப்பராஜுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வெந்த பன் சூடாக வெளியே வந்தவுடன் பூசி, தட்டை மறுபடி ஒரு நிமிஷம் அடுப்புக்குள் காட்டி எடுத்தார். கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. விரலில் ஒட்டவில்லை. ஆறியும் மங்கவில்லை. சொல்லப்போனால் முட்டை பூசினதைவிட ஒரு படி மேல். மனுஷர் ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு சாலை வரைக்கும் போய் வெயிலில் பார்த்துவிட்டு வந்தார்.

வைகாசி அமாவாசைக்குப் பெட்டியோடு அவரும் கிளம்பினார். தன் வெற்றியைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்ற ஆசை. பார்த்தார். முனியம்மாள் கடைக்கு முன்னால் வந்த பெண்களெல்லாம் பன்னைப் பார்த்து ஒரு நிமிஷம் அசந்து நின்றார்கள். பிறகு நகர்ந்தார்கள்.

"முட்டை இல்லம்மா, சத்தியமா முட்டை இல்ல. கஞ்சிதான் பூசியிருக்குது," என்று முனியம்மாள் தொண்டை கட்டக் கத்தினாள்.

"யாருக்குக் காது குத்துற? முட்டை இல்லாம இந்த மினுங்கு மினுங்குமா?"

"அங்காளம்மா மேல ஆணையா."

"வேணாம், தாயி பேர இழுக்காத. கண்ணு தெரியுது இல்ல எங்களுக்கு."

சின்னப்பராஜ் முன்னால் வந்து, தான்தான் மாஸ்டர் என்றும், தன் கையால் பூசினது ஜவ்வரிசிக் கஞ்சி என்றும், அதற்குச் சூடு எப்படிக் காட்ட வேண்டும் என்றும் விளக்க ஆரம்பித்தார். இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. மனுஷன் இவ்வளவு பேசினால் ஏதோ இருக்கிறது என்றே ஜனம் நினைத்துக்கொண்டது. எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக மினுக்கினாரோ அவ்வளவுக்கவ்வளவு முட்டை பூசினவர் ஆனார். திரும்பி வரும் பஸ்ஸில் பெருமையும் வயிற்றெரிச்சலும் கலந்து அவரைப் பிடுங்கின. தன் வேலை இவ்வளவு நன்றாக இருந்ததற்காக அழ வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பூச்சு பேசாது, மேலே தூவுவது பேசும் என்று அடுத்ததாகக் கணக்குப் போட்டார். சைவமான பண்டம் என்று பார்த்தவுடன் தெரிகிற எதையாவது பன் தலையில் தூவிவிட்டால் போயிற்று. பெரம்பூரில் எள் தூவியிருக்கிறார். முட்டைக்காரன் எள்ளா தூவுவான்? வெள்ளை எள் பழுப்பு பன்மேல் எடுக்காது, கறுப்பு எள் என்றால் பளிச்சென்று தெரியும். தூவினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனி அமாவாசைக்குப் பெட்டி போன வேகத்தில் திரும்பி வந்தது. முனியம்மாள் இந்த முறை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"யோவ் மாஸ்டரே, உனுக்கு புத்தி கித்தி இருக்குதா? அமாவாசை அதுவுமா கறுப்பு எள்ளத் தூவி அனுப்பிச்சிருக்க! செத்தவங்களுக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சிட்டு வர்றவங்க கையில எள்ளு பன்னக் குடுக்கறதா? ஒரு பொம்பள என் மூஞ்சிலயே துப்பாத கொறை!"

சின்னப்பராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். தெரியாத சங்கதி இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் வருஷா வருஷம் பார்த்ததுதான். ஆனால் எள்ளைத் தூவியபோது அவர் கண்ணுக்கு அது பழுப்புமேல் கறுப்பாக எப்படி எடுக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. மேல்தோலையே பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். கோதண்டபாணி திட்டவில்லை. பார்சல்காரனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டதாக மட்டும் சொன்னார்.

அந்த வாரத்தில் சூசை மேரி அவருடைய சட்டைகளை எல்லாம் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டி போட்டுத் தேய்த்து, ரெக்ஸின் பைக்குள் அடுக்கி, பையை மறுபடி ஆணியில் மாட்டினாள்.  

அப்போதுதான் விழுப்புரத்தில் அவள் தங்கை இருதயசெல்வியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. போய்விட்டுத் திரும்பும்போது ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ஒரு பெண் கூடையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உருண்டை விற்றுக்கொண்டு வந்தாள். சின்னப்பராஜ் பார்த்தார். வெல்லப்பாகு பூசின உருண்டை, வெயிலில் தகதகவென்று மினுங்கிற்று. பக்கத்துப் பெஞ்சில் கழுத்தில் மாலையோடு, வாய் திறந்து பேசக்கூட யோசிக்கிற ஒரு விரதக்காரர் இருந்தார். அவரே கேள்வி கேட்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"மேரி, இது மினுங்குது இல்ல?"

"மினுங்குதுங்க."

"இதுல முட்டை இருக்குதான்னு அந்தாளு கேட்டாரா?"

சூசை மேரி அவர் முகத்தைப் பார்த்தாள். "வெல்லம் மினுங்கத்தானங்க செய்யும். அதப் போயி யாரு கேப்பாங்க?"

ரயில் வந்தது. திண்டிவனம் வரும்வரை அவர் ஒரு உருண்டையைத் தின்னாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

வெல்லப்பாகு சுலபமாக வழிக்கு வரவில்லை. உருண்டை பிடிக்கிற பதத்தில் காய்ச்சினால் பிரஷ் இழுக்கவில்லை, பன்மேல் ஓடாகக் காய்ந்து உடைந்தது. இளக்கிக் காய்ச்சினால் அழகாகப் பரவியது. வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த மல்லாட்டையும் அதில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நிறமும் மினுக்கமும் கேட்க வேண்டாம். ஆனால் ஒட்டியது. தொட்டால் விரலில் ஒட்டியது, சுற்றினால் காகிதத்தில் ஒட்டியது, பன்னோடு பன் ஒட்டியது. பெரம்பூரில் ஒட்டுகிற பன்னைத் தட்டோடு தூக்கி மாஸ்டர் முகத்துக்கு நேரே வைப்பார்கள். அந்த மானக்கேடு அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. எலுமிச்சை பிழிந்து பார்த்தார், பாலில் கரைத்துப் பார்த்தார், மறுபடி அடுப்பில் காட்டிப் பார்த்தார். கருகியதுதான் மிச்சம். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தூறல் வேறு போட்டது. ஈரக்காற்றில் பிசுபிசுப்பு இன்னும் கூடிற்று.

"இத அனுப்பறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்," என்று வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"ஒட்டினா ஒட்டட்டுமேங்க. சட்டையிலயா ஒட்டப்போகுது? வாயிலதான போடப்போறாங்க."

"உனுக்குத் தெரியாது மேரி. ஒட்டுற பன்னு பன்னே இல்ல."

"சரி, இல்லன்னே இருக்கட்டும். அனுப்பிட்டு வாங்க. அப்புறம் போறதுன்னா போலாம்."  சின்னப்பராஜ் எழுந்து பேக்கரிக்குப் போய்விட்டார்.

மேல்மலையனூரில் அன்று கால் வைக்க இடமில்லை. முனியம்மாள் பெட்டியைத் திறந்து, பன்னைப் பன்னிலிருந்து பிரிக்கும்போதே முகத்தைச் சுளித்தாள். சின்னப்பராஜ் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். விளக்கம் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்ற புத்தி மட்டும் அவருக்கு வந்திருந்தது.

வளவனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மஞ்சள் சீலை, இடுப்பில் குழந்தை, கடைக்கு முன்னால் நின்றாள். குழந்தை பன்னைப் பார்த்துக் கையை நீட்டிற்று.

"வேணாண்டா கண்ணு, முட்டை," என்றாள் அவள். சொல்லிக்கொண்டே குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் குழந்தையின் கை பன்மேல் பட்டுவிட்டது. கையோடு பன்னும் எழும்பி வந்தது.

சின்னப்பராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பெரம்பூர்த் தட்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அந்தப் பெண் பன்னைப் பிரித்து வைத்தாள். தன் விரலைப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தாள், சேர்த்துப் பிரித்தாள். நூல் இழுத்தது. யோசித்துக்கொண்டே விரலை நாக்கில் வைத்தாள்.

"ஏ காந்திமதி, இங்க வாடி," என்று பின்னால் திரும்பிக் கூப்பிட்டாள். "இது முட்டை இல்லடி. வெல்லம்! தொட்டுப் பாரு, பிசுக்கு பிசுக்குன்னு ஒட்டுது."

காந்திமதி வந்து தொட்டாள். இன்னொருத்தி தொட்டாள். முட்டை காய்ந்தால் ஒட்டாது என்பது அடுப்படி பார்த்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். முனியம்மாள் ஆணையிட்டபோது நம்பாதவர்கள், சின்னப்பராஜ் விளக்கியபோது சந்தேகப்பட்டவர்கள், தங்கள் விரல் சொன்னதை ஒரு நொடியில் நம்பினார்கள். கடைக்கு முன்னால் ஒரே விரல் சூப்பலாக இருந்தது. விரதக்காரர்கள் ஊஞ்சல் முடிந்து தின்ன முந்தானையில் முடிந்துகொண்டார்கள். குழந்தைகள் அங்கேயே தின்றன. பொழுது சாய்வதற்குள் பெட்டியில் உதிர்ந்த மல்லாட்டைதான் கிடந்தது. முனியம்மாள் அதையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மாஸ்டரே, அடுத்த அமாவாசைக்கு ரெண்டு பொட்டி. ஆனா ஒன்னு, இந்தப் பிசுக்க மட்டும் எடுத்துடாத. எடுத்தன்னா உன்ன கோயிலாண்ட சேக்கமாட்டேன்," என்றாள்.

சின்னப்பராஜ் தலையாட்டினார். எதைப் போக்க இத்தனை நாளாகத் தலைகீழாக நின்றாரோ, அதைத்தான் கடைசியில் காப்பாற்ற வேண்டியிருந்தது. பார்வைக்காகத்தான் பூச்சு என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தார். ஜனம் கையால் பார்க்கும் என்பது அவர் யோசனைக்கே வரவில்லை. பஸ்ஸில் வரும்போது தன் விரல்களைச் சேர்த்துப் பிரித்து, சேர்த்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் கோதண்டபாணி பார்சல்காரனை வேறு இடம் பார்க்கச் சொன்ன பிறகு, ராத்திரி பேக்கரியிலேயே படுத்துக்கிடந்த சின்னப்பராஜ் காகிதத்தில் சுற்றின ஒரு பன்னோடு வீட்டுக்கு வந்தார். மேல்மலையனூரிலிருந்து அவளுக்கென்று எடுத்து வைத்தது அது. காகிதம் பன்னோடு ஒட்டிப்போயிருந்தது. சூசை மேரி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்து எடுத்தாள். அவர் முகத்திலேயே எல்லாம் இருந்தது. பாதி பன்னை அவர் வாயில் திணித்தாள். மீதியைத் தின்றுகொண்டே போய், ஆணியிலிருந்து ரெக்ஸின் பையை எடுத்தாள். கஞ்சி போட்டு மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

வெறும் பையை அவரிடம் நீட்டினாள்.

"மார்க்கெட்டுல புது மல்லாட்டை வந்திருக்குதாம். அடுத்த அமாவாசைக்கு வேணும் இல்ல, இதுல வாங்கிகினு வாங்க."

சின்னப்பராஜ் பையை வாங்கிக்கொண்டார். கைப்பிடி விரலில் ஒட்டிக்கொண்டது. கையைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னாள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அப்படியே கிளம்பிவிட்டார்.